இடமில்லை என்றார்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு காலை. மண்டூர்த் துறையில் தோணி புறப்படும் நேரம். மகனையும் மகளையும் கூட்டிவந்த ஒருத்தி, நாலைந்து பேர் உட்காரக்கூடிய நீளமான புது மர வாங்கு ஒன்றை ஆள் பிடித்து ஏற்றினாள்.

"புது வீட்டுக்கா தங்கச்சி?" என்று கேட்டாள் எனக்கு எதிரே இருந்த மீன்காரி.

"இல்லக்கா, பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்தில வாங்கு இல்லையா?"

"நாங்க அக்கரைக்குக் குடிபோயிட்டம். அங்கத்தப் பள்ளியில மகள எடுத்திட்டாங்க. மகன்ட வகுப்பில இருக்க இடமில்ல, வேற பள்ளிக்கு அனுப்பு எண்டு பெரிய வாத்தியார் சொல்லிட்டார். இவளுக்குப் பேச்சுத் திக்கும். அண்ணன் பக்கத்தில இல்லாட்டி வாயே திறக்கமாட்டாள்."

"அதுக்கு?"

"இடந்தானே இல்ல எண்டார்? இஞ்ச தச்சு வேலை செய்யிற எங்கட அண்ணனிட்டச் சொல்லி இதச் செய்விச்சன்."

"வாத்தியார் ஏசினா?"

"ஏசட்டும். மகன இதில இருத்திப்போட்டுத்தான் வீட்ட போவன்."

சிறுமி அண்ணனின் சட்டையைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோணி அக்கரையைத் தொட்டதும் தாய் ஒரு முனையையும் மகன் மறுமுனையையும் பிடித்து வாங்கைத் தூக்கிப் போனார்கள்.

அடுத்த கிழமை அதே தோணியில் மீன்காரியிடம் யாரோ அந்தக் கதையை விசாரித்தார்கள்.

"வாத்தியார் நல்லா ஏசினவராம். அவள் அசையல்ல. பிறகு பொடியன எடுத்திட்டாராம். வாங்கு நீளந்தானே, திருப்பி அனுப்பின வேற பிள்ளைகளையும் கூப்பிட்டு அதில இருத்தியிருக்கார்."

"அந்தப் பொடிச்சி?"

"காலமைக்கு அண்ணன்ட வகுப்பு வாசல்ல நிண்டு அவன ஒருக்கா எட்டிப் பாப்பாளாம். பிறகு தன்ட வகுப்புக்குத் தனியவே ஓடிப் போறாளாம்."