லவினியாவுக்குக் காய்ச்சிய பால்

பாலை அடிப்பிடிக்காமல் காய்ச்சப் பொறுமை வேண்டும், மாஜிஸ்திரேட் ஐயா. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே உண்டு. பால்டிமோரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், டார்க்கஸ் கையில் பால் பொங்கி வழிந்ததில்லை என்பார்கள். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலிக்க வேண்டாம்.

என் தங்கை லவினியாவின் கணவன் ஆம்ப்ரோஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லறையையும் செத்துப்போன பெண்களையும் பாடுகிறவன். உங்கள் வீட்டு அம்மாவின் ஆல்பத்தில்கூட அவன் கவிதை ஒன்று ஒட்டியிருக்கும். அவனோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் மற்றது தெரியும். மாதக்கணக்கில் குடிப்பான். எழுதியதை அடுப்பில் போடுவான். விளக்கு அணைந்தால் குழந்தை மாதிரி அழுவான். முகம் கழுவிவிட்டுப் படுக்க வைப்பது நான்தான்.

போன வருடக் குளிரில் லவினியாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் வழக்கம்போலக் காலோமெல் என்கிற பாதரசப் பொடியைப் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். ஈறு வீங்கி எச்சில் வழிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வழிந்தது. அந்த நாட்களில் ஆம்ப்ரோஸ் குடியை மறந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து எழுதினான். முதல் கவிதை பத்திரிகையில் வந்த வாரம், முன்பின் தெரியாத பெண்கள் எங்கள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

ஈறில் ரத்தம் கண்டதும் மருத்துவர் பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மிச்சப் பொட்டலங்களைத் தேயிலை டப்பாவில் போட்டு வைத்தேன். லவினியா எழுந்து நடமாடினாள், பீச் பழம் வேண்டும் என்றாள். ஆம்ப்ரோஸ் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் சாராயக்கடைக்குப் போனான்.

பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்க வேண்டும். டப்பாவைத் திறந்தேன். தினமும் ஒரு சிட்டிகை, வெல்லப்பாகோடு குழைத்துச் சூடான பாலில். "நீ இல்லாட்டி என் கதி என்னக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்போதெல்லாம் அவள்மேல் எனக்கு அப்படிப் பாசம் வரும்.

ஆம்ப்ரோஸும் மாடிப்படியில் நின்று தினமும் கேட்பான்: "அக்கா, அவளுக்குப் பால் குடுத்தாச்சா? நான் எழுத உக்காரணும்." பெண்டாட்டிமேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பொடி தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி அதே டப்பாவில் போட்டேன். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள்தான். மொத்தம் பதினோரு கவிதைகள். இலையுதிர் காலத்தில் அவள் பற்கள் விழுந்தன, நவம்பரில் போய்விட்டாள். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு கவிதைகள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு வரி இல்லை. அவன் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நாள் தேயிலை டப்பா இடம் மாறி இருந்தது. மறுநாள் காலையில் அவனே அடுப்பு மூட்டினான். பால் பொங்கி வழிந்தது.

"நீங்க உக்காருங்கக்கா. இத்தனை நாள் நீங்க செஞ்சீங்க, இப்ப என் முறை."

நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். பிறகு மாடிக்குப் போவான், பேனா ஓடும் சத்தம் கேட்கும். ஒன்பது நாளாயிற்று. நேற்று அவன் வெளியே போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். பல் இல்லாத வாயோடு கிடக்கிற ஓர் அக்காவைப் பற்றி. எழுத்து மணி மணியாக, ஓர் அடித்தல்கூட இல்லை. அவன் இதுவரை எழுதியதில் அதற்கு ஈடு கிடையாது, ஐயா.

இன்று காலை பல் தேய்த்த துணியில் ரத்தம் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று ஒரு நாள் பூட்டுள்ள அறை ஏதாவது கொடுங்கள், கதவுக்கு வெளியே ஆள் நிற்கட்டும்.

ஆனால் நாளைக் காலையில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தக் கவிதையில் கடைசி இரண்டு அடி பாக்கி இருக்கிறது. நான் போய் அந்தப் பாலைக் குடிக்காவிட்டால் அவன் அதை எழுதமாட்டான்.