விபத்தே இல்லாத லாரிகள்

அச்சாகிவிட்ட ஒரு வாக்கியத்தைத் திருத்தாமலே உண்மையாக்குவது எப்படி? சின்னச் சிக்கல்தான். ஆனால் அது தீரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருப்பதால் முறையாகவே விளக்குகிறேன். தருமபுரியில் நாங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிறோம். இந்த 1988-லும் இங்கே பலர் கம்ப்யூட்டரை டிவி என்றே நினைக்கிறார்கள். அதனால், எங்களிடம் புரோகிராம் வாங்கியவர் எப்படி முன்னேறினார் என்று சிறு புத்தகம் போட்டு மற்ற முதலாளிகளுக்குக் கொடுப்போம். எழுதுவது நான். அச்சகத்தில் தாமதமாகும் என்பதால் வெற்றியை முதலில் எழுதிவிடுவேன். புரோகிராமைப் பிறகு அதற்கேற்ப அமைப்பேன்.

லாரி முதலாளி வெங்கடாசலத்தைப் பற்றி இப்படி எழுதினேன்: 'கம்ப்யூட்டர் வந்தபின், பாலக்கோட்டுத் தக்காளியோடு ஒவ்வொரு லாரியும் சேலத்துக்கு இருமடங்கு நடை ஓடுகிறது. இவருடைய ஓட்டுநர் ஒருவர்கூட விபத்தில் சிக்கியதில்லை.'

இருமடங்கு நடைக்கு நேரம் போதவில்லை. அட்டவணையில் ஓட்டுநர் தூங்குவதற்கு நேரம் ஒதுக்கியிருந்தது. அதை எடுத்தேன். சரியாகப் பொருந்தியது.

ஓட்டுநர் அர்ச்சுனன் ஒருநாள் எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஏங்க சார், இந்தப் பொட்டிக்கு மட்டும் ஏசி எதுக்குங்க?"

ஓய்வில்லாமல் ஓடினால் கம்ப்யூட்டர் சூடாகிப் பழுதாகிவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப என்னையும் ஒரு பொட்டின்னு எழுதிக்கங்க," என்று சிரித்தார்.

அந்த வாரமே தொப்பூர்க் கணவாயில், ஓட்டியபடியே தூங்கி, லாரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். புத்தகக் கட்டுகள் அன்றுதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தன.

"இனி இத எவங்கிட்டங்க காட்றது?" என்றார் வெங்கடாசலம்.

பொறுங்கள் என்றேன்.

அர்ச்சுனனின் மனைவி சென்னம்மாள் நஷ்டஈடு கேட்டு வந்தபோது புரோகிராம் தயாராக இருந்தது. அது தந்த ஓட்டுநர் பட்டியலில் அவர் கணவர் பெயர் வரவில்லை. நஷ்டஈடும் இல்லை என்றாயிற்று. "லாரி அவங்களுது, தக்காளி அவங்களுது, செத்தவரு மட்டும் யாருமில்லீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் புரியும்படி படம் வரைந்தே காட்டினேன். அழுதுகொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

உங்களுக்குப் புரியும். நான் சேர்த்தது ஒரே ஒரு விதி: சேலம் போய்ச் சேராத ஓட்டுநர், பாலக்கோட்டில் புறப்பட்டபோதே வேலையில் இல்லாதவர். வழியில் செத்தவர் சேலம் சேர்வதில்லை. இனி எத்தனை லாரி கவிழ்ந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.