மிச்சம் முப்பத்தொரு சுற்று

உங்கள் மேசை மின்விசிறி கொஞ்சம் சத்தம் போட்டாலும் நல்ல விசிறி, இன்ஸ்பெக்டர் மேடம். அணைத்தால் நின்றுவிடுகிறது. எல்லா இயந்திரமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெயின்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலவைத் தொட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. அதற்கான மென்பொருளை எங்கள் தலைமை அலுவலகமே தயாரிக்கிறது. திரையில் கட்டங்களை இழுத்து அடுக்கினால் நிரல் ரெடி. 'நாற்பது தடவை திரும்பச் செய்' என்று சொல்ல ஒரு கட்டம் உண்டு. 'போதும், பாதியில் நிறுத்து' என்று சொல்லக் கட்டம் கிடையாது. தொட்டிக்குள் பெயின்ட்டைக் கலக்கும் தகடு சுற்ற ஆரம்பித்தால் நாற்பது சுற்றும் சுற்றித்தான் ஓயும். நடுவில் மூடி திறந்தாலும் நிரலுக்குக் கவலையில்லை.

எனக்கு அது உறுத்தியது. அதனால் ஒப்பேற்றி ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு நொடியும் மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்க வைத்து, திறந்திருந்தால் வேகத்தைப் பூஜ்யமாக்கினேன். தகடு நின்றுவிடும். மிச்சச் சுற்றுகள் கணக்கில் மட்டும் ஓடி முடியும். ஒரே கட்டத்தில் முடிய வேண்டியதற்குப் பதினேழு கட்டங்கள். எல்லாத் தொட்டிக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக. நாலு வருஷம் அதைச் செய்தேன். அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி ஆறு தடவை விண்ணப்பித்தேன். ஆறு தடவையும் 'தேவையில்லை' என்று ஒரே வார்த்தையில் மூடினார்கள்.

"ஒரு கட்டத்துக்காகவா நாலு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். அவள் பள்ளி ஆசிரியை. அவளுக்கு விளக்குவது கஷ்டம்.

கடைசியில் அந்த மென்பொருளின் தலைமைப் பொறியாளரை நேரில் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். "உங்க ஒட்டு வேலைதான் நல்லா ஓடுதே. இது இல்லாததால இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா? ஒரே ஒரு கேஸ் காட்டுங்க, அடுத்த மாசமே சேர்த்துடறேன்" என்றார்.

நியாயமான பேச்சு. என் ஒட்டு வேலை ஒழுங்காக ஓடியதுதான் பிரச்சினை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்ததால் கேஸே இல்லாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை காலை மூன்றாம் தொட்டியின் நிரலிலிருந்து அந்தப் பதினேழு கட்டங்களையும் எடுத்தேன். மாற்றப் பதிவேட்டில் என் பெயரிலேயேதான் இருக்கிறது, மறைக்கவில்லை. கம்பெனி கொடுத்த எதையும் நான் தொடவில்லை, மேடம். நான் போட்டதை நான் எடுத்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் தொட்டியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். அங்கே இரண்டு ஆபரேட்டர்கள். ஒருவன் எப்போதும் கைபேசியும் கையுமாக இருப்பவன். அவனுக்கு ஏதாவது ஆனால், அவன் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். இன்னொருவரை நாங்கள் 'நிதானம்' என்று கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. கையுறை இல்லாமல் கதவுப் பிடியைக்கூடத் தொடமாட்டார். அவர்மேல் யாரும் பழி போட முடியாது. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு முறை மாற்றி உட்கார்ந்தவர் அவர். நல்ல மனிதர். அதனால்தான் அவர்.

அன்று காலை ஷிப்ட் அவருடையது. ஆரம்பிக்கும்போது என்னிடம் வந்தார்.

"நிரல்ல ஏதோ மாத்தியிருக்கீங்களாமே, தம்பி. நான் ஏதாவது கவனிக்கணுமா?"

"ஒண்ணும் இல்லண்ணே. வழக்கம்போலத்தான்."

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டார்.

பெயின்ட்டில் கட்டி தட்டினால் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சுரண்டியால் எடுப்பார்கள். தகடு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது நின்ற பிறகும் மேலே பெயின்ட் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தொட்டிகளின் இரைச்சலில் மோட்டார் ஓடுகிறதா என்று காதுக்கும் தெரியாது. ஒரு விரல் போதும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு விரல் என்றாலும் கேஸ் கேஸ்தான்.

ஒன்பதாம் சுற்றில் திறந்தார். கையுறையைத் தகடு பிடித்துக்கொண்டது. கையுறை போடாதவராக இருந்திருந்தால் ஒருவேளை விரலோடு போயிருக்கும். மிச்சம் முப்பத்தொரு சுற்று. சுற்றுக்கு நாலு நொடி. இரண்டு நிமிடம், நாலு நொடி.

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, நிறுத்துங்க" என்றார். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை.

சுவரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. துப்புரவு வேலை செய்யும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் வழியை மறித்து நின்றதாகவும், தான் என் கையைக் கடித்ததாகவும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். தழும்பு இதோ இருக்கிறது. பாதியில் யாராவது நிறுத்தியிருந்தால், 'அதான் நிறுத்த முடிகிறதே' என்று பொறியாளர் சொல்லியிருப்பார். நாற்பதும் முடிய வேண்டியிருந்தது. முடிந்தபின் நானே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பொறியாளர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த மாதமே புதிய பதிப்பு வந்தது. 'பாதியில் நிறுத்து' என்று சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம். நானே எல்லாத் தொட்டிகளிலும் போட்டுச் சோதித்தேன். மூடியைத் தொட்டாலே நிற்கிறது. இனிமேல் அங்கே யாருக்கும் எதுவும் ஆகாது.

அதைச் சொல்லத்தான் போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணியை உட்காரவைத்து, அந்தக் கட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தாளில் வரைந்து காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்துபோய் உள்கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மேடம். துக்கம் இன்னும் ஆறவில்லை. நன்றி சொல்ல அவருக்குக் கொஞ்ச நாள் ஆகும்.