படகுக்காரனைக் கொன்ற விதி

2006 ஜூன் 14, புதன். வழக்கம்போல் விருத்தாசலத்தில் டீ குடித்துவிட்டு மங்கலம்பேட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி நண்பர்களோடு கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்றை உருவாக்குகிறார்கள் என்று பேச்சில் புரிந்தது. செராமிக் மண் ஒட்டிய சட்டைக்காரன் சீறினான்.

"நான் சூளை வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஆட்டத்துல என் படகுக்காரன ஆத்துல முக்கிக் கொன்னுட்டீங்களேடா!"

"தாயக்கட்டை வேணாம், காரணம் சொல்லித்தான் தப்பிக்கணும்னு ரூல் போட்டதே நீதான. நீ வரல, அவனுக்காவப் பேச ஆளில்ல."

"கட்டையே தேவலடா. நான் வரலன்னு அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்!"

"சரி, வராதவன் ஆளு சாவக் கூடாதுன்னு ரூல் போட்டுடலாம்."

"அப்புறம் எவன்டா வருவான்?"

மறுநாள் காலை முதல் வேலையாகத் தெருக்குழாய் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தேன்; நான் போகாவிட்டால் என் குடத்துக்காகப் பேச ஆளில்லை. படகுக்காரன் நினைவுக்கு வந்தான்.