கதவு வரைக்கும்

என் அறையில் எப்போதும் ஒரு கூஜாவில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும். அழ வருகிறவர்களுக்குத் தொண்டை வறண்டுபோகும், பாருங்கள்.

விசாரணை என்று உட்கார வைத்துவிட்டீர்கள், சொல்கிறேன். அதிர்ச்சியில் உடைந்தவர்களுக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல முதலிலிருந்து கடைசிவரை உரக்கச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லப் பயம் தணியும். இந்த மருத்துவமனையில் அதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவனே நான்தான். இப்போது எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது.

நீங்கள் கேட்கிற அந்தத் தீயணைப்பு வீரர் நல்ல மனிதர். எரிகிற வீட்டில் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் குரல். ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே அந்தக் கதவு வரைக்கும் வருவார். உடனே நான் தண்ணீரை நீட்டுவேன்.

"போதும் தம்பி. தண்ணி குடிங்க."

"இல்ல சார், இன்னைக்குச் சொல்லி முடிச்சிடுறேன்."

"என்ன அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்."

குடிப்பார். பிறகு மகளின் படிப்பு, முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருப்போம். போகும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

தூக்கம் மட்டும் வரவில்லை. பக்கத்து அறைக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டார். அங்கே சிகிச்சை கொடுப்பவள் என் மாணவி. சொல்லிக்கொடுத்ததில் எள்ளளவும் பிசக மாட்டாள். அதனால் 'புத்தகம்' என்றுதான் கூப்பிடுவோம். அவள் அறையிலிருந்து கதறல் கேட்கும். அதே ஆட்கள் பிற்பாடு சிரித்துக்கொண்டு போவார்களாம், நான் கவனித்ததில்லை.

"அங்க போனா அந்தக் கதவைத் திறக்க வைப்பாங்க. உங்களுக்குப் புத்தி பேதலிச்சுடும்" என்று அவரிடம் சொன்னேன். அவளிடம், "அவர் இன்னும் தயாராகலை" என்றேன். இதை நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நேற்று அவர் மனைவி வந்து கைபேசியை என் மேசைமேல் வைத்தார். "நீங்க சொல்லவே விடலைன்னு வீட்டுல தனியா உக்காந்து முழுசா சொல்லிப் பதிவு பண்ணாரு. உங்ககிட்ட கொண்டுவந்தும் நீங்க வாங்கலையாமே. இப்பவாவது கேளுங்க சார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் எல்லாம் என்ன மனைவி? கட்டிய புருஷன் துடிப்பதை ஊருக்குப் போட்டுக் காட்டுவாரா? வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா அதை உங்களிடம் கொடுத்திருக்கிறார். நீங்களும் பதிவைப் போட்டுவிட்டீர்கள். ஓடட்டும், எனக்கொன்றுமில்லை.

இல்லை, போதும். கதவு வந்துவிட்டது. அணையுங்கள், அவருக்குத் தாங்காது.

அந்தத் தண்ணீரை இப்படிக் கொடுங்கள்.