வரதன் பாடிய லோகா

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, வக்கீலம்மா. என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போகும்வரைக்கும் அளவாகப் போடுவேன். தனியாக இருந்து கை பழக்கம் விட்டுப்போயிற்று.

அவர் அப்பீலுக்காக, பக்கத்து வீட்டுப் பேபியின் சங்கிலி அகப்பட்ட அவருடைய பெட்டியின் சாவி வேறு யாரிடம் இருந்தது என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

நான் வரதனைக் கட்டிக்கொண்டபோதே அவர் ஆவடி ரயிலில் பிக்பாக்கெட் அடிப்பவர் என்று மேனாம்பேடு முழுக்கத் தெரியும். எண்பத்தெட்டில் ஒருவரைப் பிளேடால் கிழித்துவிட்டு மூன்று வருஷம் உள்ளே போனார். அங்கேதான் கானா பிடித்தது. சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டு பாடுவார். மாதம் இரண்டு முறை மனுப் போட்டு அவரை ஜெயிலில் பார்க்கப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, எல்லோரும் கத்திப் பேசுகிற இரைச்சலில், எனக்காகக் கட்டிய பாட்டைப் பாடுவார். ஒவ்வொன்றிலும் என் பேர் வரும். மறந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்து நோட்டில் எழுதிவைப்பேன்.

அவர் வெளியே வந்ததும், பூந்தமல்லியில் கேசட் கடை வைத்திருந்த அன்வர் பாஷா ஆறு பாட்டைப் பதிவு செய்தார்.

"ஒரு பக்கம் ரொம்பிச்சு நைனா. இன்னொரு பக்கத்துக்கும் ஆறு கொண்டா, மெட்ராஸ் பூரா உட்டுடலாம்" என்றார்.

கேட்டுப் பார்க்கக் கொடுத்த பிரதியை நான் வேலை செய்யும் தையல் கம்பெனிக்கு எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். நாற்பது பெண்கள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அழுதார்கள். "அந்த லோகா நீதானாடி?" என்று பேபி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பட்டன் தைக்கிற லோகநாயகியை அதுவரை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

ஆனால் இரண்டாவது பக்கம் வரவேயில்லை. அவர் வாசலில் சைக்கிள் பஞ்சர் கடை போட்டார். குடி இல்லை, பழைய கூட்டாளிகள் இல்லை. சாயங்காலம் எனக்குப் பூ வாங்கி வருவார். பாட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்.

"உள்ள இருக்கசொல்லோ நீ பக்கத்துல இல்ல, பாடுனேன். இப்போ எதிர்லயே குந்திகினு கீற. உன்னப் பாக்கறதா, உன்னப் பத்திப் பாடறதா?"

"பாய் கேட்டுகினே கீறாரே?"

"பாய்க்கு இன்னா, அவுரா களி துன்னாரு? கொழம்பு ஊத்து மே."

ஒன்றரை வருஷம் குழம்பு ஊற்றினேன். ஒருவருக்குக் கடவுள் கொடுத்த வரம் சைக்கிள் டியூபில் வீணாவதைப் பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாமா?

பேபி எங்கள் லைன் வீட்டில்தான் குடியிருந்தாள். குளிக்கப் போகும்போது சங்கிலியைக் கழற்றி சோப்பு டப்பாவில் வைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அவருடைய சாமான் பெட்டிக்குள், பஞ்சர் சொல்யூஷனுக்கு அடியில் போயிற்று. பூட்டிவிட்டுச் சாவியை வழக்கம்போல ஆணியில் மாட்டினேன். பழைய திருடன் ஒருவன் அதே வரிசையில் இருக்கும்போது போலீஸ் வேறெங்கும் தேட மாட்டார்கள்.

"பாட்டு பாடிட்டா கை அரிப்பு போயிடுமா? நல்லா பாடுனடா சாமி" என்று பேபி மண்ணை வாரித் தூற்றினாள். ஜீப்பில் ஏற்றும்போது அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"நான் எடுக்கல லோகா. நீயாவது நம்பு."

நம்பினேன், வக்கீலம்மா. அவர் எடுக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானே.

ஆறு மாதத்தில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பழையதையெல்லாம் காட்டி நாலு வருஷம் போட்டார்கள். ஸ்டேஷனில் அடித்ததில் வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. இப்போது இடது கையால் தட்டுகிறார். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் மூன்று மனுவில், தான் எடுக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பாட்டு வந்தது. ஐந்து பாட்டு நோட்டில் இருக்கிறது. போன வாரம் ஆறாவதைப் பாடினார்.

"ஊரு கூடி திருடன்னுச்சு, ஒத்த சனம் நம்பலியே,
லோகா மட்டும் நம்புனாளே, அது போதும் எனக்குன்னே."

பக்கத்தில் நின்ற வார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை.

சங்கிலியை எடுத்ததும் வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவர் வெளியே வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இது கோர்ட்டுக்குப் போய்விட்டால் அந்த ஆறாவது பாட்டை அவர் எங்கேயும் பாட மாட்டார். அவர் கட்டியதிலேயே நல்ல பாட்டு அது. உங்களுக்கும் அவர்மேல் என் அளவுக்கு அக்கறை இருக்குமானால், அப்பீலை அவசரப்படுத்த மாட்டீர்கள்.