லாரியை விட்ட காரணம்

“சம்பளம் பத்தாம இல்லீங்க, கக்கூசுக்காகத்தான் லாரி ஓட்டறதை விட்டேன்.”

தாராபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். பக்கத்தில் அவருடைய பழைய லாரி முதலாளி.

“பேட்டா சேத்தித் தரேனுங்க. மூணு வண்டி ஓட்ட ஆளில்லாம நிக்குது.”

“பனியன் கம்பெனி கேட்டுல லோடுக்காக ரெண்டு நாள் கெடப்போமுங்க. டிரைவருன்னா உள்ள கக்கூசுக்கு விடமாட்டாங்க. இப்ப அதே கேட்டுல நான் வாட்ச்மேனுங்க.”

“நீங்களும் விடறதில்லீங்களா?”

“விடக்கூடாதுன்னுதான் ஆர்டருங்க. டிரைவருங்க வந்தா, நான் ரோட்டைப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன்.”

அவிநாசிபாளையம் வந்தது. இறங்க எழுந்த முதலாளி கேட்டார்.

“எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க. இருக்கற ஒரே டிரைவர்கிட்டச் சொல்லி வெக்கறேன்.”